மடுவத்தில் வாசிக்கப்பட்ட தபாலட்டை

நடந்ததை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு பார்க்கலாம்.

1. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி எங்கள் இளைஞர் மன்றத்தில் சேரும்போது படிவத்தில் தன் உண்மையான பிறந்த திகதியை எழுதினாள்.
2. அந்தத் திகதி மன்றத்தை விட்டு வெளியே போகாது என்று நான் அவளிடம் சொன்னேன்.
3. இரண்டு வருடங்களின் பின் அவள் கொடுத்தனுப்பிய பிறப்புச் சான்றிதழில் வேறு திகதி இருப்பதைக் கண்டேன்.
4. எது சரி என்று கேட்டு ஒரு தபாலட்டை அனுப்பினேன்.
5. அந்த அட்டை, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில், நாற்பது பேர் முன்னிலையில் சத்தமாக வாசிக்கப்பட்டது.
6. தோட்டத்துப் பெரிய கிளாக்கர் கேட்டபோது அவளுடைய படிவத்தை என் கையாலேயே எடுத்து அவருடைய மேசையில் வைத்தேன்.
7. அவளுக்குக் கிடைக்கவிருந்த வேலை வேறொருத்திக்குப் போனது.

இதில் இரண்டாவதும் நான்காவதும் ஆறாவதும் என்னுடையவை. பதிவுப் பெட்டியை என்னிடமிருந்து பொறுப்பேற்கப் போகிற உங்கள் மூவருக்கும் இதை எழுதுகிறேன். இருபத்தெட்டு வயதில் 'இளைப்பாறுகிறேன்' என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் ஒன்பது வருடங்கள் பார்த்த வேலையை விட்டு அடுத்த மாதம் கண்டியில் ஒரு கந்தோர் வேலைக்குப் போகிறேன், அதற்கு வேறு சொல் தெரியவில்லை. படிவங்களை எப்படி அடுக்குவது, அட்டவணையை எப்படி எழுதுவது என்பதெல்லாம் பெட்டியின் மூடியில் ஒட்டியிருக்கிறது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

அந்தப் பெண்ணை மருதாயி என்று அழைக்கிறேன். அது அவள் பெயரல்ல. தோட்டம் தெமோதரைப் பக்கம் இருக்கிறது என்பதற்கு மேல் சொல்லமாட்டேன். காரணத்தை நீங்களே அறிவீர்கள், அறியாவிட்டால் இதைப் படித்து முடிக்கும்போது அறிவீர்கள்.

எழுபதுகளின் முற்பகுதி அது. மன்றம் அப்போது பதுளைக் கடைவீதியில், நஸீர் நானாவின் வாப்பாவுடைய புடவைக்கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்தது. நஸீர் நானா இணைச் செயலாளர். நான் நகரத்துத் தொழில்நுட்ப நிறுவகத்தில் தட்டெழுத்தும் பதிவேட்டு முறையும் படித்துவிட்டு வந்திருந்தேன். பத்தொன்பது வயது. மன்றத்தின் பெயர்ப் பட்டியல் அதுவரை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் கிடந்தது. அதை நான் படிவங்களாகவும் பெட்டியாகவும் மாற்றினேன். பெயர், தகப்பன் பெயர், தோட்டம், குடியிருக்கும் லயத்தின் இலக்கம், பிறந்த திகதி, பிறந்த இடம், படித்த வகுப்பு, உள்ள நோய்கள். எட்டுக் கேள்விகள். எதற்காக எட்டு என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நிறுவகத்தில் தந்த மாதிரிப் படிவத்தில் எட்டு இருந்தது.

மருதாயியின் தோட்டத்தில் அங்கத்தவர் சேர்த்த அன்று தோட்டப் பள்ளிக்கூட வாங்குகளில் இருபது பேர் போல உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் எழுதி முடித்தும் அவள் மட்டும் பேனையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள். நான் பக்கத்தில் போனேன்.

"அக்கா, இந்தத் தாளு தோட்டத்து ஆபீசுக்குப் போகுமா?"

"போகாது. பதுளையில நம்ம பெட்டியில இருக்கும்."

"பொட்டிக்குப் பூட்டு இருக்கா?"

பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். "இவ பெரிய பொதயல் வச்சிருக்கா பாருங்க, பூட்டிப் பத்தரமா வைக்கணுமாம்!" என்றாள் ஒருத்தி.

"இருக்கு. சாவி என்கிட்டதான்" என்றேன்.

அதன் பிறகுதான் அவள் எழுதினாள். பிறந்த திகதியை மிக மெதுவாக, ஒவ்வொரு இலக்கத்தையும் தனித்தனியாக, கட்டத்துக்குள் சரியாக உட்காரும்படி எழுதினாள். நல்ல கையெழுத்து என்று நான் பாராட்டியதும் நினைவிருக்கிறது.

இனி தபாலட்டையைப் பற்றி. மன்றத்திலிருந்து பெண்களுக்குப் போகும் கடிதங்கள் எல்லாம் தபாலட்டையாகவே போகவேண்டும் என்பது எங்கள் விதி. அதைக் கொண்டுவந்தவள் நான். ஆரம்பத்தில் கடித உறைகளில்தான் அனுப்பினோம். ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ஒரு பெண்ணுக்கு நாங்கள் அனுப்பிய உறை போய்ச் சேர்ந்தபோது, அவளுடைய அண்ணன்மார் அதைப் பிரிக்கும் முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். குமரிப் பிள்ளைக்கு ஒட்டிய கடிதம் வந்தால் அதற்கு ஒரே அர்த்தந்தான். உள்ளே இருந்தது கூட்ட அறிவித்தல். ஆனாலும் அவளை அதற்குப் பிறகு மன்றத்துக்கு விடவில்லை.

அடுத்த கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன்: "மறைக்கிற மாதிரி அனுப்பினாத்தானே சந்தேகம்? எல்லாருக்கும் தெரியிற மாதிரி அனுப்புவோம்." எல்லோரும் கைதட்டினார்கள். தாய்மார் சந்தோஷப்பட்டார்கள். யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம், அதில் ஒன்றும் இல்லை என்று தெரியும். நாங்கள் செய்த மிக நல்ல காரியங்களில் ஒன்று அது என்று இரண்டு வருடங்கள் நினைத்திருந்தேன்.

பிறகு மாவட்ட வலைப்பந்துப் போட்டி வந்தது. பத்தொன்பது வயதுக்கு உட்பட்ட அணியில் மருதாயியும் இருந்தாள். ஏற்பாட்டுக் குழு எல்லா வீராங்கனைகளுடைய பிறப்புச் சான்றிதழையும் கேட்டது. அவள் தன்னுடையதைத் தோழி ஒருத்தியிடம் கொடுத்தனுப்பியிருந்தாள். நான்காக மடித்த பழைய தாள். அதைப் படிவத்தோடு ஒப்பிட்டேன். சான்றிதழின்படி அவளுக்கு இருபத்தொன்று. படிவத்தின்படி பதினெட்டு.

எனக்கு அது ஒரு பிழையாகத் தெரிந்தது, அவ்வளவுதான். இரண்டு தாள்கள் ஒத்துப்போகாவிட்டால் ஒன்றைத் திருத்தவேண்டும் என்றுதான் படித்திருந்தேன்.

அட்டையைத் தட்டெழுத்து இயந்திரத்தில் செருகுவதை நஸீர் நானா பார்த்தார்.

"என்ன பதிவாளரம்மா, இதையும் எழுதித்தான் கேக்கணுமா? ஞாயித்துக்கெழம அந்தப் புள்ள வரும்தானே. வாயால கேளுங்களேன்."

"வெள்ளிக்கிழமைக்குள்ள பேர் அனுப்பணும், நானா."

"அனுப்பாட்டி? வானம் இடிஞ்சா உழும்? ஒரு புள்ள வெளையாடாது, அவ்வளவுதானே."

"எந்த அணின்னு தெரியாம எப்படி எழுதுறது?"

"உங்களோட பேசி ஏலாது" என்று சொல்லிவிட்டுக் கீழே கடைக்கு இறங்கிப் போனார்.

நான் தட்டெழுதியது இது: 'உங்கள் அங்கத்துவப் படிவத்தில் உள்ள பிறந்த திகதிக்கும், நீங்கள் சமர்ப்பித்த பிறப்புச் சான்றிதழில் உள்ள திகதிக்கும் மூன்று வருட வித்தியாசம் காணப்படுகிறது. எது சரியானது என்பதை உடன் அறியத் தரவும்.' கீழே இரண்டு திகதிகளையும் ஒன்றின் கீழ் ஒன்றாக, இலக்கத்துக்கு நேரே இலக்கம் வரும்படி அமைத்தேன். பார்க்க அழகாக இருந்தது.

அந்த அட்டை அங்கே போன விதத்தை அந்தத் தோட்டத்துத் தபால்காரரே பின்னர் எனக்குச் சொன்னார். அவர் மீது எந்தக் குற்றமும் இல்லை. தபால் பை தோட்டத்துக் கந்தோருக்கு வரும், அங்கிருந்து அவர் எடுத்துக்கொண்டு பின்னேரம் மடுவத்துக்குப் போவார். கொழுந்து நிறுக்க எல்லோரும் கூடுகிற இடம் அதுதான். எழுத்துத் தெரியாதவர்களுக்கு அங்கேயே வாசித்துச் சொல்வார். ஊரிலிருந்து வந்த கடிதம், மரணச் செய்தி, கல்யாண அழைப்பு எல்லாம் அப்படித்தான். மக்கள் அவருக்கு அதற்காக நன்றியோடு இருந்தார்கள்.

அன்று மருதாயியின் தகப்பன்தான் கேட்டிருக்கிறார். "படிங்க தம்பி. நம்ம புள்ள பதுளைக்கு வெளையாடப் போற விசயமாத்தான் இருக்கும்." நான்கு பேர் கேட்கட்டும் என்ற பெருமை அவருக்கு.

"பாதியிலயே எனக்கு வெளங்கிருச்சு மிஸ்" என்றார் தபால்காரர். "ஆனா நிறுத்தினா இன்னும் மோசமாப் போயிரும். ஏன் நிறுத்தினான்னு கேப்பாங்க. அதனால கடகடன்னு படிச்சு முடிச்சிட்டேன். ரெண்டு தேதியும் சேத்து."

பிறகு கூடையை இறக்கிக்கொண்டிருந்த ஒருத்தி சொன்னாளாம்: "அப்ப நம்ம மருதாயி ரெண்டு தடவ பொறந்தவளா!" எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். தகப்பனும் சேர்ந்து சிரிக்கப் பார்த்திருக்கிறார். தராசுக்குப் பக்கத்தில் நின்று நிறை எழுதும் கணக்கப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை, பென்சிலை நிறுத்திவிட்டு நின்றாராம்.

அந்த இரண்டு திகதிகளின் கதையை அந்த லயத்தில் எல்லோரும் அறிவார்கள். எனக்குத்தான் தெரியாது. மருதாயிக்கு முன் ஓர் அக்கா பிறந்தாள். பிறப்பைப் பதிந்தார்கள். தாய் ஹல்துமுல்லையிலிருந்த தன் தாய்வீட்டுக்குப் போயிருந்தபோது அந்தக் குழந்தை இறந்துபோனது. இறப்பை இங்கே யாரும் பதியவில்லை. மூன்று வருடம் கழித்துப் பிறந்தவளுக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். பெயருக்கு ஒரு தாள் ஏற்கனவே இருக்கிறதே என்று தகப்பன் இவளுடைய பிறப்பைப் பதியப் போகவில்லை. அக்காவின் தாளோடுதான் இவள் பள்ளிக்கூடம் போனாள். அதே தாளோடுதான், வீட்டில் கஷ்டம் வந்தபோது, வயதுக்கு முன்பே தோட்டத்தின் கூலிப் பதிவேடான செக்ரோலில் பெயர் பதிந்து கொழுந்தெடுக்கப் போனாள். இந்தியாவா இலங்கையா என்று குடும்பங்கள் குடியுரிமை விண்ணப்பம் எழுதிய அந்த நாட்களில், இலங்கைக் குடியுரிமை கேட்டு அவர்கள் போட்ட விண்ணப்பத்திலும் அந்தத் திகதிதான். பிறகு எதை எப்படித் திருத்துவது? ஒன்றைத் தொட்டால் மற்றது சரியும். அதனால் எல்லோரும் அறிந்தும் ஒருவரும் சொல்லாமல் இருந்தார்கள்.

நான் இரண்டையும் தட்டெழுதி, முத்திரையும் குத்தி அனுப்பினேன்.

அவளுக்கு அதில் என்ன போனது என்பதையும் சொல்லவேண்டும். மருதாயிக்குச் சிறு வயதிலிருந்தே இழுப்பு. மலையில் பனி இறங்கும் மாதங்களில் நெஞ்சு விசிலடிக்கும். பாதி வரிசையில் கூடையோடு உட்கார்ந்துவிடுவாள். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் ஓர் ஆயா வேலை காலியானது. கூரைக்குக் கீழே இருந்து பார்க்கிற வேலை. குழந்தைகள் இவளோடு ஒட்டிக்கொள்வார்கள். கணக்கப்பிள்ளை இவள் பெயரைச் சொன்னார், தோட்டத்துத் துரையும் சரி என்றிருந்தார். அந்தத் தோட்டத்தில் அந்த வேலைக்கு இருபத்தொரு வயது ஆகியிருக்கவேண்டும். தாளின்படி ஆகியிருந்தது. அடுத்த மாதம் முதலாம் திகதி சேர வேண்டும்.

அட்டை வாசித்து இரண்டாம் நாள், தன் மகளுக்கு அந்த வேலையை எதிர்பார்த்திருந்த ஒருவர் கந்தோருக்குப் போய் முறையிட்டார். அவர் செய்ததும் தவறென்று சொல்ல முடியாது. அவருக்கும் ஒரு மகள் இருந்தாள். பெரிய கிளாக்கர் எனக்கு எழுதினார்: குறித்த அங்கத்தவரின் பதிவுகளோடு வந்து சந்திக்கவும்.

"போகாதீங்க" என்றார் நஸீர் நானா. "போறதுன்னா வெறுங்கையோட போங்க."

"கூப்பிட்டிருக்காங்க. பதிவாளர் வெறுங்கையோட போனா என்ன நினைப்பாங்க?"

"என்னத்தையும் நெனச்சிட்டுப் போகட்டும்! உங்கட மரியாதையா இப்ப முக்கியம்?"

அவர் கோபமாகப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். நான் படிவத்தை ஒரு கோவையில் வைத்து, கோவையைப் பைக்குள் வைத்துக்கொண்டு காலை ரயிலில் போனேன்.

பெரிய கிளாக்கர் மரியாதையான மனிதர். கதிரை போட்டு உட்காரச் சொன்னார். தேநீர் வந்தது. கணக்கப்பிள்ளை கதவோரம் நின்றார்.

"ஒரு முறைப்பாடு வந்திருக்கு மிஸ். அதான் வரச்சொன்னேன். அந்த அட்டை உங்க மன்றத்துலேர்ந்து வந்ததுதானா?"

"ஆமாங்க."

"டைப்புல பிழை ஏதும் வந்திருக்குமோ?"

அந்தக் கேள்வியில் ஒரு கதவு திறந்திருந்தது. இன்று எனக்கு அது தெளிவாகத் தெரிகிறது. அன்று எனக்குக் கேட்டது, என் தட்டெழுத்தில் பிழை இருக்குமா என்பது மட்டும்.

"இல்லைங்க. நான் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அடிச்சேன்."

அவர் பேனையின் மூடியைத் திருகி எடுத்தார். "அந்தப் புள்ள கைப்பட எழுதினது ஏதும் இருக்கா?"

"இருக்கு."

"பாக்கலாமா?"

கணக்கப்பிள்ளையை ஒருமுறை பார்த்தேன். அவர் தலையை மிகக் கொஞ்சமாக, இடமிருந்து வலமாக அசைத்தார். நான் அதைக் கண்டேன். காணவில்லை என்று சொன்னால் இதை எழுதுவதில் அர்த்தமில்லை. கண்டும், பைக்குள் கையை விட்டு, கோவையைப் பிரித்து, படிவத்தை மேசையில் வைத்தேன். நேராக, அவருக்கு வாசிக்க வசதியாகத் திருப்பி வைத்தேன்.

அவர் அதில் மூன்று வரிகளைப் பிரதி எடுத்து, என்னிடம் கையெழுத்து வாங்கி, படிவத்தைத் திருப்பித் தந்தார். தேநீரை நான் குடிக்கவில்லை.

வாசலுக்கு வெளியே கணக்கப்பிள்ளை என்னோடு பாதை வரை வந்தார்.

"மடுவத்துல நாப்பது பேரு கேட்டது காத்தோட போயிருக்கும் மிஸ். அட்டையில பிழைன்னு நான் ஏற்கனவே சொல்லி வச்சிட்டேன். பெரியவரும் அதப் புடிச்சுக்கத்தான் பாத்தாரு. கேட்டாரே, கவனிச்சீங்களா?"

"நான் பொய் சொல்லியிருக்கணுமா, ஐயா?"

"பொய் சொல்லச் சொல்லல. தாளக் காட்டச் சொன்னா காட்டிர்றதா? அது யாரோட தாளு?"

நான் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"நாங்களும் பேரெழுதிப் பொழைக்கிறவங்கதான்" என்றார். "எத எழுதக்கூடாதுன்னு தெரிஞ்சாத்தான் இந்த வேலையில இருக்கலாம்." பிறகு திரும்பிப் போய்விட்டார்.

அந்த ரயில் பயணத்தில்தான், ஒரு வருடத்துக்கு முன் நடந்த ஒன்றை நினைத்தேன். இன்னொரு தோட்டத்து மருந்துச்சாலையில் ஒரு டிஸ்பென்சரிடம், எங்கள் பெண்கள் நால்வருக்கு என்ன நோய் என்று தெரிந்துகொள்ளப் போயிருந்தேன். படிவத்தில் அந்தக் கட்டத்தை அவர்கள் வெறுமையாக விட்டிருந்தார்கள். நல்ல நோக்கம்தான், விளையாடும்போது மயங்கி விழக்கூடாதே. அவர் விரித்து வைத்திருந்த புத்தகத்தை மூடி, அதன் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டார். "அந்தப் புள்ளைகள வரச்சொல்லுங்க. அவுங்க கேட்டா அவுங்களுக்குச் சொல்றேன்" என்றார். நான் மன்றத்தின் கடிதத்தைக் காட்டினேன். "கடிதாசி நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். எனக்கு அவமானமாக இருந்தது. படிக்காத முரட்டு மனிதர் என்று நஸீர் நானாவிடம் சொன்னேன். அவர் பெயர் எனக்குத் தெரியாது, கேட்கவுமில்லை. எனக்கு இந்த வேலையைக் கற்றுத்தந்தவர் யார் என்று கேட்டால் அந்த மூடிய புத்தகத்தைத்தான் சொல்வேன். ஒரு வருடம் பிந்திப் புரிந்தது.

கிளாக்கரிடம் நான் சொல்லியிருக்கவேண்டியது பொய்யல்ல. "அது அவளுடையது. அவள் சரி என்றால் காட்டுகிறேன்." இவ்வளவுதான். அதற்கு அவர் என்ன செய்திருப்பார் என்று தெரியாது. ஒருவேளை நிம்மதியாக மூச்சு விட்டிருப்பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருதாயி வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. பிள்ளைக்காம்பரா வேலை மற்றப் பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டது. மருதாயியின் பெயரைச் செக்ரோலிலிருந்து வெட்டாமல் விட்டதே பெரிது என்று கணக்கப்பிள்ளை சொல்லியனுப்பினார். நான் படிவத்தை எடுத்துக்கொண்டு லயத்துக்குப் போனேன்.

தாய் வாசலில் நின்றாள். "வாங்க" என்றாள். உள்ளே கூப்பிட்டுப் பலகை போட்டாள், கறுப்புத் தேநீர் தந்தாள். அதுவரை மரியாதையில் ஒரு குறையும் இல்லை. பிறகு அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்போம். நீங்க எழுத்துப் படிச்சவங்க. ஆளுக்கிட்ட கேக்க மாட்டீங்க, அட்டைகிட்டத்தான் கேப்பீங்க."

"அம்மா, விடுங்க" என்றாள் மருதாயி.

"விடாம? நாந்தான் அவள மொத மொத அங்க அனுப்பினேன். பொம்பளப் புள்ளைங்களுக்கு ஒளிவு மறைவில்லாம அட்டையில எழுதுறாங்க, நல்ல மன்றம்னு ஊரெல்லாம் சொன்னவ நானு."

நான் மன்னிப்புக் கேட்டேன். என்ன வார்த்தைகள் என்பது நினைவில்லை. படிவத்தை மருதாயியிடம் நீட்டினேன். "இது இனிப் பெட்டியில இருக்காது. நீயே கிழிச்சுப் போட்டுடு" என்றேன்.

அவள் வாங்கிப் பார்த்தாள். தன் கையெழுத்தை விரலால் தொட்டாள்.

"எதுக்குக்கா கிழிக்கணும்?"

"இனியும் யாராவது பார்த்தா..."

"பாக்கவேண்டியவங்க எல்லாம் பாத்துட்டாங்களே." சிரித்தாள், அதோடு இருமலும் வந்தது. "பள்ளிக்கூடத்துல இருக்கிறது எங்கக்கா தேதி. செக்ரோல்ல அக்கா தேதி. விண்ணப்பத்துல அக்கா தேதி. நான் பொறந்த நாள எழுதின தாளு இது ஒண்ணுதான். ஒரு எடத்துலயாவது இருக்கட்டும்னுதான் அன்னைக்கி எழுதினேன். அதான் பூட்டு இருக்கான்னு கேட்டேன்."

அவள் அதை மடித்து, குடும்பத்தின் தாள்கள் எல்லாம் இருந்த தகரப்பெட்டிக்குள் அக்காவின் சான்றிதழுக்குக் கீழே வைத்தாள். நான் வெளியே வரும்போது "பாத்துப் போங்கக்கா, படி வழுக்கும்" என்றாள்.

அதற்குப் பிறகு நான் மாற்றியவற்றை நீங்கள் விதிகளாகக் காண்பீர்கள். எங்கிருந்து வந்தன என்பது தெரியாமல் அவற்றைக் கைக்கொள்ளவேண்டாம்.

பிறந்த திகதியைக் கேட்பதில்லை. பத்தொன்பதுக்குக் கீழா மேலா என்று மட்டும், அதுவும் போட்டி வந்தால் மட்டும், வாயால் கேட்கிறோம். எட்டுக் கேள்விகளில் இப்போது மிஞ்சியிருப்பவை மூன்று. நோயைக் கேட்பதில்லை. சொல்ல விரும்புகிறவள் தன்னோடு விளையாடும் ஒருத்தியிடம் சொல்லி வைக்கிறாள், அதுவே போதுமாக இருக்கிறது.

தபாலட்டையில் நேரமும் இடமும் தவிர வேறொன்றும் எழுதுவதில்லை. உறையும் அனுப்புவதில்லை, அந்த அண்ணன்மார் இன்னும் இருக்கிறார்கள். ஒருவரைப் பற்றிய விஷயம் என்றால் போய்ப் பேசுகிறோம். பஸ் இல்லாவிட்டால் நடக்கிறோம். வெள்ளிக்கிழமை தவறினால் தவறட்டும்.

யார் கேட்டாலும், எந்த மேசையிலிருந்து கேட்டாலும், படிவம் பெட்டியை விட்டு வெளியே போவதில்லை. எழுதினவள் கேட்டால் மட்டும் போகும். உங்கள் மரியாதை அந்த நேரத்தில் கொஞ்சம் குறையும். குறையட்டும். பையில் எடுத்துக்கொண்டு போகாவிட்டால் எடுத்து வைக்கவும் முடியாது. இந்தக் கடைசி வரி நஸீர் நானாவினுடையது.

பழைய படிவங்களை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். ஒவ்வொருவருக்கும் திருப்பிக் கொடுக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. இந்தியாவுக்குக் கப்பலேறிப் போனவர்களுடையவற்றை மட்டும் அறைக்குப் பின்னால் வைத்து எரித்தேன். சிலர் வாங்கிச் சுருட்டி அடுப்பில் போட்டார்கள். ஒருத்தி பின்பக்கத்தில் கோலம் வரைந்து பார்த்தாள். மருதாயியைப் போல வைத்துக்கொண்டவர்கள் இன்னும் நான்கு பேர் இருந்தார்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

இன்றைய நிலை இது. பெட்டிக்கு இரண்டு சாவிகள். ஒன்று நஸீர் நானாவிடம், மற்றது இந்தத் தாளோடு உங்களுக்கு வருகிறது. பிறந்த திகதி எழுதிய படிவம் பெட்டியில் ஒன்றும் இல்லை. பிள்ளைக்காம்பராவில் அந்த மற்றப் பெண்தான் இன்னும் இருக்கிறாள், நன்றாகப் பார்க்கிறாள் என்று சொல்கிறார்கள். மருதாயி அதே தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறாள். பனி மாதங்களில் பாதி நாட்கள்தான் மலைக்குப் போக முடிகிறது. மன்றத்துக்கு அவள் திரும்பி வரவில்லை. அவர்களுடைய விண்ணப்பத்துக்கு இன்னும் முடிவு வரவில்லை. படிவம் அவளிடம் தகரப்பெட்டியில் இருக்கிறது. அதன் மூன்று வரிப் பிரதி, என் கையெழுத்தோடு, தோட்டத்துக் கந்தோரின் கோவையில் இருக்கிறது.

அந்தப் பிரதியைத் திருப்பிக் கேட்டு மூன்று முறை போனேன். தரவில்லை.